விழ மறந்த ஓக் அரசன்

பிரெஞ்சு பேசும் டோர்வல் நகரில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் பாலாம்பிகை வேலை செய்தாள். பட்டியில் நகர்ந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் அவள் சாலட் கிண்ணத்தை வைக்க, அடுத்து நிற்கும் ஜோசியான் பாணையும் வெண்ணெயையும் வைப்பாள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. தட்டு வரும் வேகத்தில் பெரிதாக எதுவும் பேச முடியாது. ஆனாலும் பல வருடங்கள் தோளோடு தோள் நின்றதில், ஜோசியான் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே அன்றைக்கு அவளுடைய மனம் எப்படி என்று பாலாம்பிகை சொல்லிவிடுவாள்.

அந்த ஜூன் மாதம் ஜோசியானின் மூச்சு சரியில்லை. ஒரு தட்டில் பாண் இரண்டு கிடந்தது. அடுத்த தட்டில் பாணே இல்லை. மேற்பார்வையாளரின் கண்ணில் படுவதற்குள் பாலாம்பிகை எட்டி எட்டிச் சரிசெய்தாள். இடைவேளை வந்ததும் அவளைச் சாப்பாட்டு அறைக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தாள்.

"என்ன நடந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"எங்கள் ஓக் அரசன் கடற்கரைப் பக்கம் காஸ்பெசிக்கு ஓடிப்போய்விட்டான்," என்றாள் ஜோசியான். "அங்கே சிங்கிறால் பிடிக்கிற ஒருத்தியோடு காதலாம். இனி வர மாட்டானாம்."

பாலாம்பிகைக்குத் தன்னுடைய பிரெஞ்சில் சந்தேகம் வந்தது. 'அரசன்' என்ற சொல்லுக்கு வேறு ஏதும் பொருள் உண்டோ என்று யோசித்தாள். ஜோசியான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "பாலா, நான் ஒரு சூனியக்காரி," என்றாள்.

பாலாம்பிகை கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள்.

"ஆட்களுக்குக் கெடுதல் செய்கிற சூனியம் இல்லை. விக்கா. அது ஒரு சமயம்." கழுத்துச் சங்கிலியில் தொங்கிய ஐந்து முனை நட்சத்திரத்தை எடுத்துக் காட்டினாள். பாலாம்பிகை அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். ஏதோ ஹொக்கி அணியின் சின்னம் என்று நினைத்து, அந்த அணி தோற்றுப்போனால் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்றுகூட வைத்திருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை சாமி?"

"முக்கியமாக இரண்டு பேர். ஒரு தேவி, ஒரு தேவன். உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பெயர்களும் அந்த இரண்டு பேருடையவைதான் என்று எங்களில் சிலர் சொல்வார்கள். இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனி ஆள் என்று சிலர் சண்டை பிடிப்பார்கள்."

"இரண்டு பேரும் புருசன் பெண்சாதியா?"

"ஆமாம். ஆனால் தேவன் வருடா வருடம் செத்துப்போவார். குளிர்காலத்து நீண்ட இரவில் திரும்பப் பிறப்பார்."

"யாருக்கு?"

"தேவிக்கு."

"சொந்தப் பெண்சாதிக்கா?"

"ஆமாம்." ஜோசியான் அவளுடைய முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். "இந்த இடத்தில்தான் என் அம்மா எழுந்து போய்விட்டாள்."

பாலாம்பிகை எழுந்து போகவில்லை. அம்மனைப் பற்றி இதைவிடச் சிக்கலான உறவுமுறையெல்லாம் கோயிலில் கேட்டு வளர்ந்தவள் அவள். "தேவி சாக மாட்டாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாட்டா. கன்னியாக, தாயாக, கிழவியாக மாறுவா. சாக மாட்டா."

"அதுதானே பார்த்தேன். வீட்டில் ஒருவராவது நிலையாக நிற்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு வடையைத் திரும்ப எடுத்தாள்.

ஜோசியானுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அரசர்களின் கதையைச் சொன்னாள். கோடையின் மிக நீண்ட பகலன்று இரண்டு அரசர்கள் சண்டை பிடிப்பார்கள். ஓக் மரத்தின் அரசன் வெளிச்சம் கூடுகிற அரை வருடத்தை ஆள்கிறவன். ஹொலி என்னும் முள்ளிலை மரத்தின் அரசன் இருட்டுக் கூடுகிற அரை வருடத்தை ஆள்கிறவன். இருவரும் ஒரே தேவனின் இரண்டு முகங்கள். கோடையில் ஓக் அரசன் தோற்று விழ வேண்டும். அவன் விழுந்தால்தான் பகல் குறையத் தொடங்கும், தானியம் முற்றும், வருடம் சுழலும். வருகிற சனிக்கிழமை இல்-பிசார் தீவில் அவளுடைய அக்காவின் வீட்டு வளவில் சடங்கு. விழுவதற்கு ஆள் இல்லை.

"விழுகிறது மட்டும்தான் வேலையா?"

"நன்றாக விழ வேண்டும்."

"என்னுடைய மனிசன் மிக நன்றாக விழுவார்," என்று பாலாம்பிகை சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். அதற்குள் ஜோசியான் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள்.

வேலைக்குத் திரும்ப எழுந்தபோது ஜோசியான் இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் பாலாம்பிகையைப் பார்க்கவில்லை, குப்பைத்தொட்டியைப் பார்த்தாள்.

"சடங்கில் தேவியை என்மேல் இறங்கி வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுதான் தலைமைப் பூசாரிக்கு உரிய இடம். முந்தி அவ வருவா. வந்தால் முதுகெலும்பு சூடாகும், என் குரலே வேறாகும். ஒரு வருடமாக வருவதில்லை, பாலா."

"அப்ப என்ன செய்கிறாய்?"

"வந்ததுபோல வசனத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறேன்."

பாலாம்பிகை மிச்சம் இருந்த வடையை அவளுடைய கையில் வைத்தாள்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த பாலாம்பிகையின் அப்பார்ட்மெண்டில், அவளுடைய கணவன் ஞானேந்திரன் குளித்துவிட்டுச் சாரம் கட்டியபடி சோபாவில் சாய்ந்திருந்தான். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிறவன். மலைபோன்ற உடம்பு, அதற்கேற்ற மீசை. பாலாம்பிகை தேத்தண்ணியைக் கையில் கொடுத்த பிறகு விஷயத்தை மெல்ல அவிழ்த்தாள்.

"சூனியக்காரரோ?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீர் ஏன் என்னைக் கேக்காமல் ஓமெண்டனீர்? என்னைப் பலி குடுக்கவோ கேக்கினம்?"

"பலியில்லையப்பா. நீங்கள் சும்மா விழோணும், அவ்வளவுதான்."

"ஆரும் சும்மா விழச் சொல்லிக் கேப்பினமோ? உதுக்குள்ளை ஏதோ கிடக்கு."

தாதிமை படிக்கும் மகள் றொஷினி தன்னுடைய அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். அவளுக்குக் கண் இரண்டும் பளபளத்தன. "அம்மா, விக்காவோ? உண்மையாவோ? அப்பா, அவை ஆருக்கும் ஒண்டும் செய்யிறேல்லை. இயற்கையைக் கும்பிடுறவை. நீங்கள் ஓக் கிங்! ப்ளீஸ் அப்பா, நான் வீடியோ எடுக்கோணும்."

"கிங் எண்டால் ராசாவோ?"

"ராசாதான். வாள் எல்லாம் இருக்கு. ஃபைட் இருக்கு."

ஞானேந்திரன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். மீசையைத் துடைத்தான். "ஃபைட்டோ?" என்றான்.

கந்தசஷ்டி முடிவில் கோயிலில் நடக்கும் சூரன்போரில், சூரனின் உருவத்தைத் தோளில் சுமந்து ஆட்டுகிற ஆட்களில் முன்வலப்பக்கத்துக்காரன் அவன். மற்ற நாட்களில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், அன்றைக்கு மட்டும் விரதம் இருப்பான். சூரனைச் சுழற்றி, முருகனிடம் பாய்ந்து, பின்வாங்கி, மறுபடி பாய்ந்து, சனத்தைக் கத்த வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"தோக்கிற ராசா எண்டால் அது சூரன்தானே," என்றான். "அதை எனக்கு ஆர் சொல்லித் தரோணும்?"

அன்று மாலை வீடு கூட்டுகிற தும்புத்தடியை வாளாக வைத்துக்கொண்டு வரவேற்பறையில் விழுந்து பழகினான். முதல் தரம் விழுந்ததும் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. இரண்டாம் தரம் விழுந்ததும் கீழ்வீட்டுக்காரி மேலே தட்டினாள். மூன்றாம் தரம் விழுவதற்கு முன் றொஷினி கீழே இறங்கிப்போய், "மன்னிக்க வேண்டும் மதாம், அப்பா அரசனாகப் போகிறார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை வெயில் சும்மா கொட்டியது. இல்-பிசாரில் வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட, மரங்களுக்குள் அமைதியாக இருந்தன. ஜோசியானின் அக்கா வீட்டு வளவு பின்னால் தண்ணீர்க்கரை வரைக்கும் சரிந்து போயிற்று. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாலாம்பிகை கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலையில், ஒரு பெரிய தட்டு நிறைய மோதகத்தோடு இறங்கினாள். எந்தச் சாமி வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

புல்வெளி நடுவில் ஒரு மேசை. அதில் இரண்டு சிலைகள்: வயிறு பெருத்த ஒரு தேவி, மான்கொம்பு முளைத்த ஒரு தேவன். இரண்டு மெழுகுதிரி, ஒரு கிண்ணம் தண்ணீர், உப்பு, பூ. ஜோசியான் வெள்ளை அங்கியில் வந்து மோதகத் தட்டை வாங்கி, யோசிக்காமல் இரண்டு சிலைகளுக்கும் நடுவில் வைத்தாள். பாலாம்பிகைக்கு அது நிறைவாக இருந்தது.

ஹொலி அரசனாக வந்தவர் மார்க்-ஆந்த்ரே, உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறவர். மெலிந்த, அன்பான மனிதர். ஜூன் மாதத்தில் ஹொலிக்கு எங்கே போவது? கிறிஸ்மஸ் சாமான் விற்கும் நத்தார்க் கடையில் வாங்கிவைத்த பிளாஸ்டிக் இலை முடியைத்தான் அணிந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பாக ஞானேந்திரனின் கையைக் குலுக்கி, அவனுடைய தலையில் ஓக் இலை முடியைத் தானே வைத்துவிட்டார்.

"இவருக்குத் தேவன் தேவியில் நம்பிக்கை இல்லை, தெரியுமா?" என்று கிஸ்லேன் என்ற நரைத்த தலைக்காரி பாலாம்பிகையிடம் முறையிட்டாள். "எல்லாம் மனத்துக்குள் இருக்கிற உருவங்களாம்!"

"மனத்துக்குள் இருந்தால் பொய் என்று நான் சொல்லவில்லையே," என்றார் மார்க்-ஆந்த்ரே. "மனம் பெரிய இடம்."

"எனக்கு அவர்கள் அயல்வீட்டுக்காரரைப் போல. கதவைத் தட்டினால் திறப்பார்கள். சில நாள் வீட்டில் இருக்க மாட்டார்கள்," என்றாள் கிஸ்லேன்.

இருவரும் சிரித்துக்கொண்டே வாதாடினார்கள். பாலாம்பிகை மகளின் காதுக்குள் கேட்டாள். "என்ன பிள்ளை, எல்லாரும் ஒண்டை நம்புறேல்லையோ?"

"இல்லையாம் அம்மா. செய்யிறதைச் சேந்து செய்வினமாம். நம்புறது அவையவையின்ர பாடாம்."

"அப்ப எங்கட கோயில்தான்," என்றாள் பாலாம்பிகை. எதிர்ப்பக்கத்தில் கணவன் ஓக் முடியோடு கை கால்களை உதறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

நடுப்பகலில் தொடங்கியது. ஜோசியான் கறுப்புப் பிடிக் கத்தி ஒன்றை நீட்டிப் பிடித்தபடி புல்வெளியைச் சுற்றி நடந்து வட்டம் போட்டாள். அந்தக் கத்தியால் எதையும் வெட்டுவதில்லை, வட்டம் போடத்தான். வட்டம் போட்ட பிறகு யாரும் அதைத் தாண்டக்கூடாது. போக வர வேண்டுமென்றால் கத்தியால் காற்றில் வாசல் வெட்டித் தருவார்கள். பாலாம்பிகையும் றொஷினியும் வெளியே மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கைக் காற்றுக்கும், தெற்கை நெருப்புக்கும், மேற்கைத் தண்ணீருக்கும், வடக்கை மண்ணுக்குமாகக் கூப்பிட்டார்கள். வேலிக்கு அப்பால் புல் வெட்டிக்கொண்டிருந்த அயல்வீட்டுக்காரர் மரியாதைக்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வேலியில் முழங்கையை ஊன்றி நின்றார்.

பிறகு கிஸ்லேன் ஜோசியானுக்கு முன்னால் மண்டியிட்டு, தேவியே வா, இந்த உடம்பில் இறங்கு என்று கூப்பிட்டாள். நடுங்கும் குரலில், அழகாகக் கூப்பிட்டாள். ஜோசியான் கையிரண்டையும் உயர்த்தி, கண்ணை மூடி நின்றாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜோசியான் கண்ணைத் திறந்தாள். வட்டத்தைத் தாண்டி அவளுடைய பார்வை நேரே பாலாம்பிகையிடம் வந்தது. வரவில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. தெரிந்த பெண் ஒருத்தி, இத்தனை பேருக்கு நடுவில், இல்லாத விருந்தாளிக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜோசியான் உதட்டை நனைத்துக்கொண்டு, "அரசர்கள் வரட்டும்," என்றாள்.

சொல்லிக்கொடுத்திருந்தது சுலபமானது. இரண்டு மர வாள்களும் நாலைந்து தரம் மோதும். ஹொலி அரசன் ஓக் அரசனின் மார்பைத் தொடுவார். ஓக் அரசன் விழுவான். தேவி இரண்டு வார்த்தை சொல்லுவா. முடிந்தது.

வாள்கள் மோதின. மார்க்-ஆந்த்ரே மார்பைத் தொட்டார். ஞானேந்திரன் நிலம் அதிர விழுந்தான். "ஆ!" என்றது வட்டம். பாலாம்பிகைக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த கணம் அவன் கர்ச்சித்துக்கொண்டு எழும்பினான்.

சூரன் ஒரே தரத்தில் விழுகிறவனா? முதலில் யானைமுகம் விழும், பிறகு சிங்கமுகம் வரும். ஞானேந்திரனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாததுபோல, அதை நிறுத்தும்படி சொல்லிக்கொடுக்கவும் ஒருவரும் இல்லை. பிடரியை உலுக்கி வட்டத்தைச் சுற்றி ஓடினான். மார்க்-ஆந்த்ரே ஒரு கணம் திகைத்தார். பிறகு பள்ளிக்கூடப் பையனைப்போல முகம் மலர்ந்து, அவனைத் துரத்தத் தொடங்கினார். வெட்டினார். சிங்கமுகம் விழுந்தது. எழும்பியது. மறுபடி வெட்டினார். இப்போது சூரன் மாமரமானான். வட்டத்துக்குள் நின்ற மேப்பிள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். மார்க்-ஆந்த்ரேயின் பிளாஸ்டிக் முடி கண்ணை மறைத்ததில், அவர் மேப்பிளை வெட்டினார். வேலியோரத்து மனிதர் விசிலடித்தார். அவருடைய நாய் குரைத்தது.

"கொக்கரக்கோ!" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் பாய்ந்து வந்தது.

அதோடு மார்க்-ஆந்த்ரேக்குக் காலும் போயிற்று, மூச்சும் போயிற்று. சிரித்துச் சிரித்து முழங்காலில் விழுந்தார், பிறகு மல்லாந்து படுத்துவிட்டார். வாள் புல்லில் உருண்டது. ஞானேந்திரன் சேவலாக இருப்பதை விட்டுவிட்டு, கரிசனையோடு அவர்மேல் குனிந்தான்.

"எழும்பும் தம்பி. எழும்பி என்னை அடியும்."

மொழி விளங்காவிட்டாலும் கருத்து விளங்கியது. மார்க்-ஆந்த்ரே படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "முடியாது. நீங்கள் வென்றுவிட்டீர்கள்."

ஓக் அரசன் வென்றுவிட்டான். யாரோ முணுமுணுத்தார்கள்: அப்படியென்றால் கோடை முடியாது. குளிர்காலம் வராது.

"நல்லதுதானே, அப்படியே விடுங்கள்!" என்று வேலிக்காரர் கத்தினார். "எனக்குப் பனி அள்ளி முதுகு போச்சு!"

பாதிப்பேர் சிரித்தார்கள். கிஸ்லேன் சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டல்ல, சக்கரம் நின்றுபோனது. அவள் கையைப் பிசைந்துகொண்டு ஜோசியானிடம் திரும்பினாள். எல்லாரும் திரும்பினார்கள். அரசர்களுக்குள் தீராத வழக்கைத் தீர்க்க வேண்டியவ தேவிதான். ஜோசியான் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளை அங்கிக்குள் அவளுடைய தோள்கள் சுருங்குவதைப் பாலாம்பிகை கண்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்க அவளால் முடியவில்லை. சேலைக் கொய்யக மடிப்பைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, வட்டம்! வாசல் வெட்டேல்லை!" என்று றொஷினி பின்னால் கத்தினாள். அதற்குள் அவள் வட்டத்தைத் தாண்டி நேரே புருசனிடம் போயிருந்தாள்.

"இஞ்சாருங்கோ! விழச் சொல்லித்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

"அவர் அடிச்சாத்தானே நான் விழலாம்?"

"அவருக்கு ஏலாதாம். விழுங்கோ!"

"சும்மா எப்பிடியப்பா விழுறது? நான் ராசா எல்லோ?"

பாலாம்பிகை கீழே கிடந்த வாளைப் பார்த்தாள். அதை எடுக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. வலது கையின் சுட்டுவிரலை நீட்டி, அவனுடைய நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள்.

"விழு!"

கலியாணம் கட்டிய நாள்தொட்டு அவள் அவனை ஒருமையில் சொன்னதில்லை. ஞானேந்திரனின் கண் அகலத் திறந்தது. அப்படியே, வேரோடு சாய்கிற மரம்போல, மடங்காமல் பின்னால் சரிந்தான். சரிந்த வேகத்தில் அவனுடைய கை மேசையின் ஓரத்தில் பட்டது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து வெயிலில் பளீரென்று சிதறியது. மோதகத் தட்டு துள்ளியது. மோதகங்கள் புல்லில் உருண்டன. ஒன்று மட்டும் நிதானமாக, வழி தெரிந்ததுபோல, ஜோசியானின் வெறுங்கால் பெருவிரலில் முட்டி நின்றது.

ஜோசியான் குனிந்து அதைப் பார்த்தாள்.

முதலில் அவளுடைய மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு வயிற்றின் அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளுடைய சிரிப்பைப் பாலாம்பிகை நன்றாக அறிவாள்; மெல்லியது, சட்டென்று நின்றுபோவது. இது அதுவல்ல. தடித்த, அகன்ற, பயமே அறியாத சிரிப்பு. ஜோசியான் தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். பாலாம்பிகையின் கை மயிர் குத்திட்டு நின்றது. கோயிலில் பெண்களுக்குச் சாமி இறங்கிக் கலை வருவதை அவள் பார்த்திருக்கிறாள். தலையை விரித்துப்போட்டு ஆடுவார்கள், அழுவார்கள், கேட்கிறவர்களுக்கு வாக்குச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு வந்து அவள் பார்த்ததில்லை. ஆனாலும் வந்திருப்பது விளங்கியது.

ஜோசியான் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றினாள். பற்றியதும் பாலாம்பிகைக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. எதற்கென்று தெரியாது. வயிறு நொந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது, நிறுத்த முடியவில்லை. வெள்ளை அங்கியும் பச்சைச் சேலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுழன்றன. கிஸ்லேன் எந்தப் பக்கம் வணங்குவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி வணங்கி, கடைசியில் தானும் புல்லில் குந்திச் சிரித்தாள். வட்டமே கெக்கட்டமிட்டது. வேலிக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

மனப்பாடம் செய்துவைத்த வசனத்தை ஜோசியான் சொல்லவில்லை. தட்டில் மிஞ்சிய மோதகங்களை எடுத்து, ஒவ்வொருவராகப் போய், தாடையைப் பிடித்து வாயில் ஊட்டினாள். மார்க்-ஆந்த்ரேக்கு ஊட்டினாள். அவருடைய பிளாஸ்டிக் முடியை நேராக்கி, "இனி உன்னுடைய காலம்," என்றாள். செத்துக் கிடந்த அரசனுக்குப் பக்கத்தில் இருந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்து, அவனுடைய வாயிலும் ஒன்று வைத்தாள். ஞானேந்திரன் கண்ணைத் திறக்கவில்லை. செத்தபடியே மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்கு வாயைத் திறந்தான். மறுபடி எல்லாரும் உருண்டார்கள்.

வட்டம் கலைந்து, எல்லாரும் மர நிழலில் கேக்கும் பழரசமுமாக இருந்தபோது, பாலாம்பிகை ஜோசியானைத் தண்ணீர்க்கரைக்குக் கூட்டிப்போனாள்.

"வாசல் வெட்டாமல் வந்துவிட்டேன். கோபமா?"

"உனக்கு வாசலா?" ஜோசியானின் குரல் சிரித்துச் சிரித்துக் கம்மியிருந்தது.

"வந்தாவா?"

"வந்தா."

"எப்படித் தெரியும்? முதுகு சூடானதா?"

ஜோசியான் தண்ணீருக்குள் காலை விட்டு யோசித்தாள். "முதுகைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வந்தாவா, வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க மறந்துபோனேன். பார்த்தால் எல்லாருக்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்." பிறகு, "உன்மேல்தான் வந்தா என்று கிஸ்லேன் சொல்கிறாள்," என்றாள்.

பாலாம்பிகை தன்னுடைய சுட்டுவிரலைப் பார்த்தாள். அந்த 'விழு' யார் சொன்னது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வந்தது ஜோசியானின் தேவியா, தன்னுடைய அம்மனா, இரண்டும் ஒன்றா? கேட்டால் அங்கே மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். அவள் கேட்கவில்லை. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள். குளிர்ந்தது. நினைத்துக்கொண்டதும் இருவருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

விடைபெறும்போது மார்க்-ஆந்த்ரே ஞானேந்திரனைத் தழுவிக்கொண்டார். தேவர்கள் மனத்துக்குள் இருப்பதாகத்தான் தான் இன்னும் நினைப்பதாகவும், ஆனால் அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை என்றும் றொஷினியிடம் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் பாதை தெற்கே. ஆனால் ஞானேந்திரன் வண்டியை வடக்கே திருப்பினான். "ஆத்துக்கு அங்காலை லாவாலுக்குப் படகு போகுதாம். அதிலை போய்ச் சுத்திக்கொண்டு போவம்," என்றான். அது வீண் சுற்று என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் மறுக்கவில்லை.

அது இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஒரு தட்டைப் படகு. சில வாகனங்கள்தான் ஏறும். வண்டி ஏறியதும் மூவரும் அதிலிருந்து இறங்கிக் கம்பியோரம் நின்றார்கள். தண்ணீர் முழுக்க வெயில் உடைந்து மினுங்கியது. தெப்பத் திருவிழாவில் சாமி இப்படித்தான் போகும் என்று பாலாம்பிகைக்குத் தோன்றியது. மேளம் மட்டும்தான் இல்லை. ஞானேந்திரன் ஓக் முடியைக் கழற்ற மறந்துபோயிருந்தான். நெற்றியில் புல், மீசையில் மோதகத் துகள்.

படகுக்காரர் கட்டணம் வாங்க வந்தவர், அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன விசேஷம்? பிறந்தநாளா?" என்று றொஷினியிடம் கேட்டார்.

றொஷினி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அழகான பிரெஞ்சில், "இல்லை ஐயா. அப்பா இன்றைக்கு இறந்துபோனார்," என்றாள்.

படகுக்காரர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார். "என் ஆழ்ந்த அனுதாபங்கள்," என்று தொடங்கி, பாதியில் நின்று, அருகில் மீசை மலரச் சிரித்துக்கொண்டு நின்ற ஞானேந்திரனைப் பார்த்தார்.

"இவரா?"

"இவர்தான். டிசம்பரில் திரும்பப் பிறப்பார்."

"நல்லாத்தான் இருக்கிறார்," என்றார் படகுக்காரர் சந்தேகத்தோடு.

"மெர்சி," என்று நன்றி சொன்னான் இறந்தவன், கையை நீட்டி.

பாலாம்பிகை சிரிப்புத் தாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். படகு லாவால் கரையில் முட்டி நின்றது. பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன, படகுக்காரர் கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டார். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட ஸ்டியரிங் பிடிக்கிற நிலை இல்லை.